புதன்கிழமை எடுத்த மலை

ரியோ மன்சோ
9 மார்ச் 1996

அன்பு மகள் நேலிதாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் நாயும் மீதமிருக்கிற நாற்பது ஆடுகளும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் ஹெர்மானும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். போன ஜூனில் அப்பாவைப் புதைத்த மறுநாள் லாரியில் வந்து இறங்கினாய். கல்லறையில் அரை மணி நின்றாய். அதே லாரியில் ஏறிப் போய்விட்டாய். வீட்டில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லக்கூட எனக்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பிறகு இதுதான் முதல் கடிதம். எழுத்து கோணலாக இருக்கும். மூன்றாம் வகுப்போடு என்னை ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள், உனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். கம்பளிச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவர்கள் போடுகிற காலண்டரில் ஏப்ரல் மாதத்துக்கு, பத்தொன்பது வருஷமாக நம் எதிர்மலைதான். அப்பா எடுத்த படம். கீழே பொடி எழுத்தில் ‘படம்: ஓர்ஃபெலினோ பர்ரியா’ என்றிருக்கும். கோக்ரானில் எந்த வீட்டுச் சமையலறைக்குப் போனாலும் அவர் பெயர் அடுப்புக்கு மேலே தொங்கும். இப்போது அவர் இல்லையென்று தலைநகர் சாந்தியாகோவிலிருந்து ஒரு படக்காரரை அனுப்புகிறார்களாம். ஏப்ரல் 24 முதல் 26 வரை. படுக்க இடமும் சாப்பாடும் நான் தரவேண்டுமாம்.

பவுதீலியோ கடையில் இதை வாசித்துக் காட்டினேன்.

“இருபத்தி நாலா? மலைகிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்களாமா?” என்றான்.

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலை முழுக்க நிற்கிற லெங்கா மரம் இலை உதிருமுன் சிவக்கிற நாளை யாரோ ஒருவர் ஆபீசில் உட்கார்ந்து எழுதிவிட முடியுமா? ஒரு வருஷம் பதினாறாம் தேதி. ஒரு வருஷம் இருபத்தெட்டு. ஒரு வருஷம் ஒருநாள்கூட இல்லை.

உடனே சங்கத்துக்குப் பதில் போட்டேன். ‘அவர் வரட்டும், சோறு போடுகிறேன். படம் எங்கள் வீட்டிலிருந்துதான் வரும்.’ தபாலில் சேர்த்த பிறகுதான் உறைத்தது, அந்தக் கேமராவை நான் தொட்டதே இல்லையென்று. ஆட்டுக்கொழுப்பு படிந்த கை என்று அப்பா என்னைக் கிட்டே விடமாட்டார். உனக்குத்தான் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பெட்டி மேல் ஏறி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீ பார்ப்பாய்.

ஏப்ரலில் வந்து ஒரு படம் எடுத்துத் தா மகளே. வேறு எதுவும் கேட்கவில்லை.

உன் அம்மா
எடெல்மிரா


புவேர்ட்டோ ஐசேன்
21 மார்ச் 1996

அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். மீன் ஆலையில் இப்போது இரண்டு ஷிஃப்ட். கை மரத்துப் போகிறது, அவ்வளவுதான்.

நான் வரமாட்டேன். ஏனென்று உனக்குத் தெரியாதது போல எழுதியிருக்கிறாய். அதனால் ஒருமுறை எழுதிவிடுகிறேன், பிறகு இந்தப் பேச்சு வேண்டாம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஏப்ரல் 21, சனிக்கிழமை. நாலு மணிக்குக் கல்யாணம். அப்பா வந்து கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போவார் என்று காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முற்றத்தில் முழு ஆடு தீயில் நிற்கிறது. ஹெர்மான் வீட்டார் நாற்பது பேர். மணி ஒன்று. எல்லா வீட்டையும்போல என் மாமியாரும் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார், தூரத்துப் பண்ணைகளிலிருந்து யாருக்கு என்ன சேதி என்று கேட்க. யாருக்கோ மாடு காணோம். யாருக்கோ பிள்ளை பிறந்திருக்கிறது. அப்புறம் என் பெயர்.

‘நேலிதா பர்ரியாவுக்கு. சனிக்கிழமை மலைக்கு நாள், இலை சிவக்கும். வர முடியாது. ஆசீர்வாதம். அப்பா.’

பிறகு ஹெர்மானின் சித்தப்பா, “பொண்ணு கல்யாணத்துக்கு மலை சம்மதிக்கலையாம்டோய்!” என்றார். சிரித்த சிரிப்பில் ஒருவர் கையிலிருந்த மது சிந்தியது. ஐசேன் முழுக்கக் கேட்டது அம்மா. கொய்யைக்கே பட்டணத்திலும் கேட்டது. இன்றைக்கும் ஆலையில் மிர்த்தா என்னை, “வாடி இலைக்காரி, இன்னிக்கு என்ன கலரு?” என்றுதான் கூப்பிடுகிறாள்.

நோய் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அவர். குதிரை நொண்டுகிறது என்று சொல்லியிருக்கலாம். இலை என்றார். பெற்ற மகளைவிட அவருக்கு இலை பெரிது. போகட்டும், இறந்துவிட்டார்.

இன்னொன்று. நீ படம் அனுப்புகிறேன் என்று வீறாப்பாக எழுதிவிட்டாய். அவர் இல்லாமல் மலை சிவக்கும் நாளை யார் சொல்வது?

நேலிதா


ரியோ மன்சோ
30 மார்ச் 1996

மகளே,

உன் கடிதத்தை மூன்று நாள் மேஜைமேல் வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தேன். இதை எழுதினால் நீ என்னைவிட்டும் போய்விடுவாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

நாளைச் சொன்னது அவரில்லை. நான்.

பத்தொன்பது வருஷமும் நான்தான். அவர் நல்ல படக்காரர். அதில் குறை சொன்னால் என் வாய் அழுகும். ஆனால் மலையைப் பார்த்து நாள் சொல்ல அவருக்கு வராது. எல்லா நாளும் அவருக்கு அழகாகத்தான் தெரியும். எட்டு வயதிலிருந்து மலையை அண்ணாந்து பார்த்தே ஆடு மேய்த்தவள் நான். ஓடைக்கரையில் ஞிரே மரம் முதலில் சிவக்கும். அன்றிலிருந்து எண்ணத் தொடங்குவேன். மேல்காட்டில் விதை தீர்ந்து கிளிகள் கூட்டமாகக் கீழே இறங்கும். வாளித் தண்ணீரில் ஆடை கட்டிய பனியைக் கையால் உடையாமல் தூக்க வரவேண்டும், மூன்று காலை தொடர்ந்து. அப்போது மலையின் உச்சி ரத்தச் சிவப்பு, நடு ஆரஞ்சு, அடி மஞ்சள். மூன்றும் சேர்ந்து நிற்பது இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அதற்குள் மேல்காற்று வராமல் இருக்கவேண்டும். வந்தால் ஒரே இரவில் மலை மொட்டை.

“எடெல்மிரா, எப்போ?” என்று கேட்பார். “நாளைக்கு” என்பேன். மறுநாள் எடுப்பார். ஊரில் எல்லாரும், ‘ஓர்ஃபெலினோவுக்கு மலை காதில் வந்து சொல்லும்’ என்பார்கள். நான் மாவு பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். என் பெயர் எங்கும் இல்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லையென்றுதான் நினைத்திருந்தேன். காலண்டர் வந்ததும் முதலில் படத்தைப் பார்க்கமாட்டேன், நான் சொன்ன நாள் சரியா என்றுதான் பார்ப்பேன். அவ்வளவு கர்வம் எனக்கு.

உன் கல்யாண வாரம் புதன்கிழமை மலை நன்றாகத்தான் இருந்தது. அடியில் கொஞ்சம் பச்சை மிச்சம். அப்பா, “இன்னிக்கே எடுத்துடறேன். எடுத்ததும் கெளம்பினா சனிக்கிழமைக்குள்ள போய்ச் சேந்துடலாம்” என்றார். குதிரைக்குச் சேணம்கூடப் பூட்டிவிட்டார். ஆடுகளுக்குக் காவலாக நான் வீட்டில் இருப்பதாகப் பேச்சு; அவருடைய புதுச் சட்டையை மடித்துப் பையில் வைத்தது நான்தான். நானே அப்புறம் வெளியே வந்து மலையைப் பார்த்துவிட்டு, “இன்னும் மூணு நாள் விடுங்க. இத்தன வருஷத்துல வராத சிவப்பு வரும்” என்றேன். அவர் நின்று என்னைப் பார்த்தார். “புள்ள காத்திருக்கும்டி” என்றார். “கல்யாணம் ரெண்டு பேர் சேந்து வாழற வாழ்க்கை, ஒரு நாள் கூத்தில்ல. அவ புரிஞ்சுக்குவா” என்று சொன்னேன். அந்த வாக்கியம் அப்போது எனக்கு அறிவாகப் பட்டது.

ரேடியோவுக்கான சேதியை நான் எழுதி, லாரிக்காரரிடம் கொடுத்தேன். ‘அப்பா’ என்று கையெழுத்தும் நான்தான் போட்டேன்.

வெள்ளிக்கிழமை இரவு மேல்காற்று வந்தது. கூரைத் தகரம் இரண்டு பறந்தது. நீ ரேடியோவில் அதைக் கேட்ட மணிக்கு மலையில் ஓர் இலை இல்லை நேலிதா. உச்சியிலிருந்து அடிவரைக்கும் வெறும் குச்சி. சங்கம் அந்த வருஷம் பழைய படத்தையே போட்டது, யாருக்கும் தெரியவில்லை.

அப்பா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அன்று முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து கடிவாளம் தைத்தார். நீ எழுதாமல் போனபோதும், “எம்மேல கோபம், தணிஞ்சு வருவா” என்றார். நான் விட்டுவிட்டேன். ஐந்து வருஷம் அவரைச் சுமக்கவிட்டேன்.

நாளை யார் சொல்வது என்று கேட்டாயே. அதற்குப் பதில் இதுதான்.

அம்மா


புவேர்ட்டோ ஐசேன்
7 ஏப்ரல் 1996

அம்மாவுக்கு,

வாசித்தேன். ஹெர்மான் வந்து பார்த்தபோது நான் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேனாம்.

ஐந்து வருஷம் தப்பான ஆளிடம் பேசாமல் இருந்திருக்கிறேன். அவருடைய கல்லறையில்கூட அரை மணிதான் நின்றேன். அதையும் கடிகாரம் பார்த்து நின்றேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அன்றைக்கு அப்பாவை அவமானப்படுத்தியதை மாகாணமே கேட்டது. இன்றைக்கு உண்மையை மட்டும் கவரில் ஒட்டி என் காதுக்கு மட்டும் அனுப்புகிறாய்.

நான் வரவில்லை. நீயே எடு. உனக்கும் பத்து விரல் இருக்கிறது.

பிலிமை நிழலில் வைத்துப் போடு. ஓட்டைகள் பல்சக்கரத்தில் இரண்டு பக்கமும் மாட்டியதா என்று பார்த்துவிட்டு மூடியைச் சாத்து. லென்ஸைச் சுற்றியுள்ள பின்வளையத்தில் எட்டு வை. மேலே இருக்கிற திருகில் அறுபது. ஸ்டாண்டின் மூன்று காலையும் கல்லில் ஊன்று, மண்ணில் வேண்டாம். கண்ணாடிக்குள் மலை இரண்டாகத் தெரிந்தால் ஒன்றாகும்வரை முன்வளையத்தைத் திருப்பு. பட்டனைக் கையால் அமுக்காதே, கம்பியை மாட்டி அதன் குமிழை அமுக்கு. மூச்சைப் பிடித்துக்கொள். பளீரென்று வெயில் அடித்தால் எடுக்காதே, இலை வெளுத்துவிடும். மெல்லிய மேகம் வரும்வரை நில். தூறல் விட்ட கையோடு எடுத்தால் இன்னும் நல்லது, ஈர இலையில் சிவப்பு ஆழமாக விழும். இதெல்லாம் அப்பா சொன்னது. நான் கோபமாகத்தான் எழுதுகிறேன். தப்பாக நினைத்துக்கொள்ளாதே.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

நேலிதா


கோக்ரான், தபால் நிலையம்
20 ஏப்ரல் 1996

அன்பு மகளுக்கு,

பார்சலில் இருப்பது பிலிம் சுருள். பன்னிரண்டு படம். இங்கே கழுவ ஆளில்லை. உன் ஊரில் கொடுத்துக் கழுவு. முதலில் நீ பார். ஒன்றும் விழவில்லை என்றால் எனக்கு எழுது, சங்கத்திடம் நானே போய் மூக்குடைபட்டுக்கொள்கிறேன்.

புதன்கிழமை எடுத்தேன். என் கணக்குக்கு வெள்ளிக்கிழமைதான் நாள். கிளிகள் இறங்கிவிட்டன, ஆனால் வாளியில் பனி இரண்டு காலைதான் கட்டியிருந்தது. மலையடியில் இன்னும் ஒரு பட்டை பச்சை. பவுதீலியோ குதிரையில் போகிறபோது வேலியோரம் நின்று, “என்ன சீமாட்டி, மலை இன்னும் வேகலையே, அதுக்குள்ள எறக்கப் போறியா?” என்றான். நானும் கேமராவை உள்ளே வைத்துவிடத்தான் இருந்தேன். மத்தியானம் பனிமலை உச்சியைப் பார்த்தேன். தட்டுமேல் தட்டு அடுக்கினதுபோல மேகம் நின்றது. அது நின்றால் ஒன்றிரண்டு நாளில் காற்று. அன்றைக்கும் அது நின்றது நேலிதா. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மூன்று நாள் என்றேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனசு இழுத்தது.

இந்த முறை போதும் என்று நினைத்தேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினேன். உன் கடிதத்தைக் கல்லுக்கடியில் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துச் செய்தேன். பிலிம் மாட்ட மட்டும் ஒரு மணி நேரம். நாய் குறுக்கே வந்து ஸ்டாண்டைத் தள்ளப் பார்த்தது, அதற்கு அடி. நாலு மணிக்குத் தூறல் போட்டு ஓய்ந்தது. மலை நனைந்து நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன். சத்தம் எவ்வளவு சின்னது! பத்தொன்பது வருஷம் அதைத் தூரத்திலிருந்தே கேட்டதால் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

வியாழன் இரவு காற்று அடித்தது. விடிந்து பார்த்தால் மலை மொட்டை. ஓடை முழுக்கச் சிவப்பாக இலை போய்க்கொண்டிருந்தது. வாசலில் நின்று தனியாகச் சிரித்தேன். அவரைக் கூப்பிட்டுக் காட்டத் திரும்பினேன். அப்புறம்தான் சிரிப்பு நின்றது.

இன்னொரு காரியமும் செய்தேன். ரேடியோ ஆபீஸுக்குப் போனேன். சேதி வாங்குகிற பெண் சின்னவள். நான் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அம்மா, இத நெஜமாவே வாசிக்கணுமா? ஊரே கேக்குமே.”

“அதுக்குத்தான் உங்கிட்ட வந்தேன். இல்லேன்னா தபால்லயே போட்டிருப்பேன்.”

“ரொம்ப நீளமா இருக்கு. கொறைக்கணும்.”

“கொற. ‘நான்தான்’னு இருக்கு பாரு, அத மட்டும் கொறைக்காத.”

திங்கட்கிழமை ஒரு மணிக்கு வாசிப்பார்கள். கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி.

அம்மா


புவேர்ட்டோ ஐசேன்
12 மே 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

கேட்டேன்.

ஆலைச் சாப்பாட்டுக்கூடம். நூறு பேருக்குமேல் இருப்போம். ‘நேலிதா பர்ரியாவுக்கு. உன் கல்யாண நாளில் வாசித்த சேதியை எழுதியது நான்தான். அப்பா சேணம் பூட்டிக் கிளம்பினார். நிறுத்தியது நான்தான். அம்மா எடெல்மிரா.’ இரண்டு ‘நான்தான்’ வந்தது. அந்தப் பெண் ஒன்றையும் குறைக்கவில்லை. மிர்த்தா என்னையே பார்த்தாள். ஏதோ கேலி வருமென்று பல்லைக் கடித்துக்கொண்டேன். “உங்கம்மாவுக்குத் தெகிரியம் ஜாஸ்திடி” என்றாள். தன் தட்டில் இருந்த ரொட்டியை எடுத்து என் தட்டில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் இலைக்காரி என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் இனிமேல் திரும்பிப் பார்ப்பேன் என்று நினைக்கிறேன்.

என் மாமியாரும் கேட்டிருக்கிறார். சாயங்காலம் ஹெர்மானின் சித்தப்பாவை வரவழைத்து, “அந்த மனுஷர் சேணம் பூட்டினாராம்” என்று மூன்று தரம் சொன்னாராம்.

படங்கள். மூன்றில் ஒன்றும் இல்லை, கறுப்பு. ஐந்து சாய்ந்திருக்கின்றன, மலை ஏதோ குடித்துவிட்டு நிற்பது போல. ஒன்றில் நாயின் வால். இரண்டு சுமார். ஒன்பதாவதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சி சிவப்பு, நடு ஆரஞ்சு, அதற்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே பச்சை. அப்பா படம் ஒன்றில்கூட அந்தப் பச்சை கிடையாது. நீ இரண்டு நாள் முந்தி எடுத்ததால் விழுந்த பச்சை. அது இருப்பதால்தான் மேலே இருக்கிற சிவப்பு அப்படித் தெரிகிறது. கழுவித் தந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இத எடுத்தவர் யாருங்க?” என்றார். “எங்கம்மா” என்றேன். “எங்க படிச்சாங்க?” என்றார். “ஆடு மேய்ச்சாங்க” என்றேன். அந்தக் கடையில் அன்று என்னைவிட உயரமாக யாரும் நிற்கவில்லை.

உன்னைக் கேட்காமலே ஒன்பதாவதைச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டேன். உன் முழுப் பெயரோடு. ‘அப்பா பெயரையே போடு’ என்று நீ எழுதுவாய். அதனால்தான் கேட்கவில்லை. போட்டுவிடுகிறோம் என்று பதிலும் வந்துவிட்டது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத் தெரியவில்லை அம்மா. அந்த வருஷங்களை அவரிடம் திருப்பிக் கொடுக்க என்னாலும் முடியாது, உன்னாலும் முடியாது. ஆனால் ஆலையில் எனக்கு இரண்டு நாள் லீவு தருவார்கள். அடுத்த ஏப்ரலில் நாள் தெரிந்ததும் ரேடியோவில் சொல்லு. சொன்னதும் லாரி ஏறிவிடுகிறேன்.

மகள்
நேலிதா


ரியோ மன்சோ
18 ஜூன் 1996

என் அருமை மகள் நேலிதாவுக்கு,

நேற்று அப்பாவின் முதல் வருஷம். பவுதீலியோ குடும்பம் வந்தது. ஜெபம் சொல்லி, ஆட்டுக்கறி சுட்டுச் சாப்பிட்டோம். பனி முழங்கால்வரை கிடக்கிறது. ஒன்பதாவது படத்தைக் கல்லறைக்கு எடுத்துப் போனேன். நனைந்துவிடுமென்று கோட்டுக்குள்ளேயே வைத்துக் காட்டினேன். “நீங்க புதன்கிழமை சொன்னது சரிதான்” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆறு வருஷம் கழித்துச் சொன்னேன். அவர் கேட்டாரோ என்னவோ.

சாந்தியாகோ படக்காரர் சொன்ன தேதிக்கு வந்தார். ஐம்பது வயது மனிதர், நாலு பெட்டி சாமான். குதிரையிலிருந்து இறங்கி மலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மலையைப் பார்த்தார்.

“அம்மா, எலையெல்லாம் எங்க?”

“கீழ இருக்கு ஐயா. வேணுங்கிற மட்டும் எடுத்துக்குங்க.”

பாவம், மூன்று நாளும் ஓடையில் கிடந்த இலைகளைக் குனிந்து குனிந்து படம் எடுத்தார். ஆட்டு சூப் வைத்துக் கொடுத்தேன், இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தார். போகும்போது, “நாளை எப்பிடிம்மா கண்டுபிடிக்கிறீங்க?” என்றார். “கண்டுபிடிக்கிறதில்ல, பயந்துக்கிட்டே பாத்துக்கிட்டிருக்கணும்” என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டார்.

பெயர் விஷயம். ‘அப்பா பெயரையே போடு’ என்று நான் எழுதியிருப்பேன் என்றாய். எழுதியிருக்கமாட்டேன். அவருக்குப் பத்தொன்பது ஏப்ரல் இருக்கிறது, எல்லாம் அவர் கைப்பட எடுத்தது. இது நான் எடுத்தது. எடெல்மிரா என்று ஊர் அடுப்புக்கெல்லாம் மேலே தொங்கப்போவதை நினைத்தால் இந்த வயதிலும் ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது. துக்கத்தில் இருக்கிறவள் இப்படிப் பெருமைப்படலாமா என்று பாதிரியாரிடம் கேட்டேன். “படு, ஆனா கோயில்ல வந்து படாத” என்றார்.

அடுத்த ஏப்ரலைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கமாட்டேன். ரேடியோவில் நாள் சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும் சொல்வேன், சங்கத்துக்குச் சொல்வேன், அந்த ஐம்பது வயது மனிதர் தந்தி அடித்தால் அவருக்கும் சொல்வேன். உனக்குச் சொல்ல மாட்டேன். சரியான நாள் என்று ஒன்றைச் சொல்லித்தான் உன்னைத் தொலைத்தேன். இரண்டு நாள் லீவில் வந்தால் நீ மலையைப் பார்த்துவிட்டுப் போவாய். எனக்கு அது போதாது.

ஆலையில் வருஷ லீவு பதினைந்து நாள் உண்டாமே. அதை மொத்தமாக ஏப்ரல் பத்தாம் தேதியிலிருந்து எடு. ஹெர்மானையும் கூட்டி வா, அவருக்குக் குதிரை ஏறத் தெரியாவிட்டால் கோவேறு கழுதை பிடித்துத் தருகிறேன். தினமும் காலையில் நாம் இருவரும் வாளியைப் பார்ப்போம். நீ ஒரு நாள் சொல்லு, நான் ஒரு நாள் சொல்கிறேன். சண்டை போடுவோம். நடுவில் காற்று வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போனால் போகட்டும், சங்கம் பழைய படத்தைப் போட்டுக்கொள்ளும்.

மலை பச்சையாக இருக்கும்போதே வா.

உன் அம்மா
எடெல்மிரா